மாமாவின் மரம் அறுக்கும் மிஷின்

எங்கள் வீட்டு ஃபிரிட்ஜின் ஐஸ் பெட்டியில், மத்தி மீன் பொட்டலத்துக்குப் பக்கத்தில், கறுப்புப் பாலிதீன் பையில் சுற்றிய ஏதோ ஒன்று இருந்தது. மீனை எடுக்கக் கைவிட்டபோது அதுதான் முதலில் விரலில் பட்டது. கல்லைப்போலக் கனம். அவிழ்த்துப் பார்த்தேன். மரம் அறுக்கும் மிஷினின் கிராங்க். வழவழப்பான இரும்புத் தண்டு, நடுவில் தடித்த இரண்டு வட்டுகள், அவற்றுக்கிடையிலிருந்து பிஸ்டனைத் தாங்கும் கை ஒரு பக்கமாகச் சாய்ந்து தொங்கியது. வெளிக்காற்று பட்டதும் இரும்பின்மேல் வெள்ளையாகப் பனி படர்ந்தது. "அத எடுக்காத. அங்கியே இருக்கட்டும்" என்று பின்னாலிருந்து மாமாவின் குரல் வந்தது. மாமா என் கணவரின் அப்பா. நான் இருக்கும்போது அவர் சமையலறை வாசலைத் தாண்டி உள்ளே வந்து நான் பார்த்தது அன்றுதான் முதல் தடவை.

அப்போது என் கணவர் இறந்து ஒரு வருஷம் கடந்திருந்தது. மழைக்காலத்துக் காய்ச்சல் என்று படுத்தவர் எழுந்திருக்கவே இல்லை. எங்களுக்குப் பிள்ளை இல்லை. மாமியார் நான் வருவதற்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தார். குறிஞ்சிப்பாடியிலிருந்து கடலூர் போகும் வழியில், சாலையை விட்டுக் கொஞ்சம் உள்ளே, முந்திரித் தோப்புகளுக்கு நடுவில் இருந்த அந்த வீட்டில் நானும் மாமாவும் மட்டும் மிஞ்சினோம். ஒருவரையொருவர் பார்த்துப் பேசிப் பழக்கமில்லாத இரண்டு பேர். தட்டில் சோற்றைப் போட்டு வைத்துவிட்டு நான் உள்ளே போய்விடுவேன். அவர் சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவி வைத்துவிட்டு வெளியே போய்விடுவார். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் போகும்போதுகூட அவர் முன்னால் நடப்பார், நான் கொஞ்சம் பின்னால். பூசை முடிந்து அதேபோலத் திரும்புவோம். இடையில் இருந்து இருவரிடமும் பேசியவர் என் கணவர் ஒருவர்தான். அவர் போனபிறகு இருவருமே வாய் மறந்தவர்கள்போல ஆகிவிட்டோம். அவரவர் அழுகையை அவரவர் அறையில் அழுதோம் என்றுதான் நினைக்கிறேன். மாமாவுக்குக் காது மந்தம். நான் அழுதது அவருக்குக் கேட்டிருக்காது.

காது மந்தமானது அந்த மிஷினால்தான். மரம் வெட்டுவதுதான் மாமாவின் தொழில். முந்திரி, பலா, புளி, சவுக்கு என்று அந்தச் சுற்று வட்டாரத்தில் அவர் சாய்க்காத மரம் குறைவு. பாண்டிச்சேரியில் யாரோ விற்ற பழைய மிஷின் ஒன்றை வாங்கி, பல வருஷம் அதை வைத்தே ஓட்டினார். ஆரஞ்சு நிறம் வெளுத்து மங்கலான செங்கல் நிறத்துக்கு வந்திருந்தது. என் கணவரும் அவருடன் சேர்ந்து அதே வேலைதான் செய்தார். மிஷினைப் பிரிப்பது, சங்கிலிப் பல்லை அரத்தால் தீட்டுவது, கார்புரேட்டரைத் துடைப்பது எல்லாம் மகன் பொறுப்பு. அப்பா மரத்தைச் சுற்றி வந்து எந்தப் பக்கம் சாயும் என்று பார்த்துச் சொல்வார். மகன் இறந்த பிறகு மிஷின் கொட்டகையில் சாக்கு மூடிக் கிடந்தது.

அதைக் கெடுத்தவர் மாமாவின் அண்ணன் மகன். தோப்பில் நாலு கிளை கழிக்க வேண்டும் என்று கேட்டு வாங்கிப் போனார். அந்த மிஷினில் இரண்டு மூடிகள் உண்டு. ஒன்றில் பெட்ரோல், மற்றதில் சங்கிலிக்கு ஊற்றும் எண்ணெய். அவர் சங்கிலி எண்ணெயை நிறைய ஊற்றினார், பெட்ரோலையும் நிறைய ஊற்றினார், எல்லாம் சரியாகச் செய்துவிட்டதாக நினைத்தார். ஆனால் அது மோட்டார் பைக் மாதிரி எஞ்சினுக்குள் தனியாக ஆயில் நிற்கும் மிஷின் இல்லை. பெட்ரோலிலேயே ஆயில் கலந்து ஊற்ற வேண்டும். அந்தக் கலவை உள்ளே போய்ப் புகையாகப் பரவும்போதுதான் கிராங்குக்கும் அதைத் தாங்கும் பேரிங்குகளுக்கும் எண்ணெய்ப் பசை கிடைக்கும். வெறும் பெட்ரோல் போனால் இருக்கிற பசையையும் கழுவிக்கொண்டு போய்விடும். மிஷின் கொஞ்ச நேரம் நன்றாகத்தான் ஓடியதாம். வழக்கத்தை விட வேகமாகக்கூட ஓடியதாம். பிறகு கீச்சென்று ஒரு சத்தத்தோடு நின்றுவிட்டது. திருப்பிக் கொண்டுவந்து வைத்தபோது மாமா ஸ்டார்ட்டர் கயிற்றை இழுத்துப் பார்த்தார். கயிறு வரவில்லை.  சாக்கை எடுத்து மறுபடி மூடினார்.

அந்த மாதத்திலேயே கீரப்பாளையத்திலிருந்து என் அண்ணன் வந்தார். திருமணத்துக்கு முன் நான் ரத்தப் பரிசோதனைக்கூட வேலை படித்து, சில காலம் பார்த்தும் இருந்தேன். சிதம்பரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் அதே வேலைக்கு ஆள் தேவை, சொல்லி வைத்திருக்கிறேன், கிளம்பி வா என்றார். மாமாவை வைத்துக்கொண்டேதான் சொன்னார். "இன்னும் எத்தினி நாளைக்கி இங்க ஒக்காந்திருப்ப? நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்க. மாமா தப்பா நெனைக்கக் கூடாது." மாமா தலையை ஆட்டினார். காதில் விழுந்ததா, விழாமலே ஆட்டினாரா என்று தெரியவில்லை. "அவர தனியா விட்டுட்டு எப்படிண்ணே" என்றேன். மாமா எழுந்து கொட்டகைக்குப் போனார். போனவர் மிஷினைத் தூக்கிக்கொண்டு வந்து வாசலில் வைத்துப் பிரிக்க ஆரம்பித்தார். பேச்சைக் கேட்கப் பிடிக்காமல் ஏதோ வேலையில் கையை நுழைத்துக்கொள்கிறார் என்று அண்ணன் நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன். அடுத்த மாதம் வருவதாகச் சொல்லிவிட்டு அண்ணன் பஸ் ஏறினார்.

பிரிக்கப் பிரிக்கச் சேதம் தெரிந்தது. பிஸ்டனின் பக்கங்களில் நகத்தால் பிராண்டியதுபோலக் கோடுகள். அது புதிதாகப் போட வேண்டியதுதான் என்று முதலிலேயே ஒதுக்கி வைத்துவிட்டார். அவர் கவலை எல்லாம் கிராங்கைப் பற்றி இருந்தது. மிஷினின் உடம்பு இரண்டு பாதியாகப் பிரியும். பாதிக்கொரு பேரிங் வீதம் இரண்டு பேரிங்குகள் கிராங்கின் இரண்டு முனைகளையும் தாங்கும். அவற்றைக் கையில் வைத்துக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு நான் துணி காயப்போட வெளியே வந்தபோது கூப்பிட்டார்.

"ஏம்மா, இத சித்த சுத்திப் பாரு. உள்ள எதுனா தட்டுதா?"

எனக்கு இதெல்லாம் தெரியாது மாமா என்றேன். "தெரிய வேணாம். வெரல வச்சி சுத்து. கண்ண மூடிக்க." வாங்கிச் சுற்றினேன். முதலாவது ரவை சலிக்கும்போது மணல் அகப்பட்டதுபோல நறநறவென்று ஓடியது. இரண்டாவது வழுக்கிக்கொண்டு போனது, ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் லேசாகத் தயங்கியது. சொன்னேன். "அப்ப ரெண்டும் போச்சி" என்றார். பிறகு கிராங்கை நிறுத்திப் பிடித்து, அதன் கையை மேலும் கீழும் இழுத்துப் பார்க்கச் சொன்னார். பக்கவாட்டில் ஆடினால் பரவாயில்லை, மேலும் கீழும் ஒரு மயிரிழைகூட ஆடக்கூடாது. இழுத்தேன், அழுத்தினேன், மறுபடி இழுத்தேன். ஆடவில்லை. "நல்லாப் பாத்தியா?" என்று இரண்டு முறை கேட்டார். நரம்பே தெரியாத கைகளில் விரல் நுனியால் தொட்டுத் தொட்டு ரத்தக்குழாயைத் தேடிப் பழகியவள் நான். ஆடவில்லை என்பது எனக்கு உறுதியாகத் தெரிந்தது. இத்தனை வருஷம் மிஷினோடு கிடந்தவர் இதற்கு ஏன் என்னைக் கேட்கிறார் என்று மட்டும் புரியவில்லை. கண் சரியாகத் தெரியவில்லை என்றார். தொட்டுப் பார்ப்பதற்குக் கண் எதற்கு என்று கேட்க அப்போது எனக்குத் தோன்றவில்லை.

பேரிங் வாங்கக் கடலூருக்கு நான்தான் போனேன். பழைய பேரிங்குகளைத் துணியில் முடிந்து பையில் வைத்திருந்தேன். கடைக்காரர் அதைப் பார்த்ததுமே, "அண்ணன் வரலியா?" என்றார். என் கணவரைத்தான் கேட்டார்; அவர் இறந்த செய்தி கடைக்காரருக்குத் தெரிந்திருக்கவில்லை. சொன்னேன்.  என் கணவர் அந்தக் கடையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து டீ குடித்துவிட்டுத்தான் வருவாராம். எனக்கும் அதே ஸ்டூலை இழுத்துப் போட்டார். நான் உட்காரவில்லை. அவசரத்தில் அவர் கொடுத்தது இரண்டு பக்கமும் மூடி போட்ட பேரிங். வீட்டில் மாமா பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "மூடி போட்டது இதுக்கு ஆவாது. எண்ணெ உள்ள போவ வழி வேணும்ல. தெறந்ததுதான் வேணும்." மறுநாள் மறுபடி போய் மாற்றி வந்தேன். அன்று உட்கார்ந்து டீ குடித்தேன். கடைக்காரர் என் கணவரைப் பற்றி இரண்டு சின்ன விஷயங்கள் சொன்னார். எனக்குத் தெரியாதவை. அவற்றை இங்கே எழுதப் போவதில்லை.

அதற்குப் பிறகுதான் அந்த ஐஸ் பெட்டி. நான் கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில் மாமா கிராங்கை உள்ளே வைத்திருக்கிறார். குளிரில் இரும்பு ஒரு துளி சுருங்கும், சூட்டில் மிஷினின் உடம்பு ஒரு துளி விரியும், அப்போது சுத்தியல் படாமல் ஒன்றுக்குள் ஒன்று போய் உட்காரும் என்பது கணக்கு. தட்டி ஏற்றினால் புது பேரிங் முதல் நாளே அடிபட்டுவிடும். தோசைக்கல்லைச் சின்னத் தீயில் வைத்து, மிஷினின் ஒரு பாதியை அதன்மேல் வைத்தோம். தோசைக்குப் பார்ப்பதுபோலத் தண்ணீர் தெளித்துப் பார்த்தேன். சுரீரென்று ஓடி மறைந்தது. நான் அலமாரியில் பிடிதுணியைத் தேடித் திரும்புவதற்குள் மாமா அந்தப் பாதியை வெறும் கையால் தூக்கிவிட்டார்.

"மாமா, சுடும்."

அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பேரிங்கை அதன் குழியில் வைத்தார். அது டக்கென்று தானே உள்ளே இறங்கியது. அந்தச் சத்தத்தில் அவர் முகம் மலர்ந்தது. ஒரு வருஷத்துக்குப் பிறகு அந்த முகத்தில் அப்படி ஒன்றைப் பார்த்தேன். அதே நேரத்தில் தோல் கருகும் வாடையும் வந்தது. கையைப் பிடித்து இழுத்துத் தண்ணீரில் வைத்தேன். உள்ளங்கையிலும் நாலு விரல்களிலும் தோல் வெந்து சுருங்கியிருந்தது. அவர் அதை வேறு யாருடைய கையையோ பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வலிக்கலியா மாமா?"

"தெரியலம்மா. ரொம்ப நாளா இப்புடித்தான். மிஷினு அதிந்து அதிந்து மரத்துப் போச்சி. பனிக்காலத்துல வெரலெல்லாம் வெள்ளையா ஆயிடும்." பிறகு, "அவனுக்குத் தெரியும். அதான் தொட்டுப் பாக்குற வேலையெல்லாம் அவன் பாத்துக்கினான்" என்றார்.

அடிக்கடி டீ டம்ளர் அவர் கையிலிருந்து நழுவி விழுவதைப் பார்த்திருக்கிறேன். வயசின் தடுமாற்றம் என்று நினைத்திருந்தேன். தன் அப்பாவின் விரல்களாக இருந்துவந்ததைக் கணவர் என்னிடம்கூடச் சொன்னதில்லை. மருந்து தடவித் துணி சுற்றியபோது மாமா மெதுவாகச் சொன்னார். "ஒங்கண்ணங்கிட்ட இத சொல்லாத." ஏன் என்று கேட்டேன். "சொன்னா ஒன்ன கூட்டிக்கினு போவ மாட்டாரு." அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. என்னை அங்கேயே இருத்திக்கொள்ள அவர் மிஷினைப் பிரிக்கவில்லை. தன்னால் தனியாகப் பிழைத்துக்கொள்ள முடியும் என்று எங்கள் கண் முன்னால் காட்டிவிட்டு என்னை அனுப்பிவைக்கத்தான் பிரித்தார்.

மீதி வேலையை என் கைகள் செய்தன. அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். கிராங்கின்மேல் பூத்த பனியீரத்தைத் துடைத்தேன். பூட்டுவதற்கு முன் பேரிங்குகளிலும் கிராங்கின் கை சுழலும் இடத்திலும் ஊசி இல்லாத சிரிஞ்சால் சொட்டுச் சொட்டாக ஆயில் விட்டேன். "காஞ்ச பேரிங்கு ஒரு சுத்துகூட சுத்தக்கூடாது" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பூட்டியபின் கையால் சுற்றினேன். எண்ணெய் ஊறிய அந்தச் சுழற்சி விரலுக்கு எவ்வளவு இதமாக இருந்தது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பிறகு ஆயில் சீல், பிஸ்டன், மற்றவை. புது பேரிங்குக்கு முதல் இரண்டு டேங்க் பெட்ரோலில் ஆயில் கூடுதலாகக் கலக்க வேண்டும் என்றார். "ஜாஸ்தியானா பொகதான் வரும். கொறஞ்சா மிஷினே போயிடும்." மறுநாள் சாயங்காலம் கயிற்றை இழுத்தார். இழுத்துக்கொண்டே இருந்தார். திடீரென்று வெண்புகையோடு அது பிடித்துக்கொண்டது. முந்திரித் தோப்பு முழுவதும் அந்தச் சத்தம் நிறைந்தது. மாமா சத்தமாக என் கணவரின் பெயரைச் சொன்னார். என்னைப் பார்த்துத்தான் சொன்னார். சொன்னது அவருக்கே கேட்டிருக்காது. நான் திருத்தவில்லை.

அண்ணன் மறுபடி வந்த அன்று மாமா வாசலில் ஒரு புளியங்கட்டையைப் போட்டு வைத்திருந்தார். காயம் ஆறாத கையில் பழைய கையுறையை மாட்டிக்கொண்டு, அண்ணன் உட்காரும் முன்பே கட்டையை இரண்டாக அறுத்துக் காட்டினார். "பாத்தியா தம்பி? எனக்கு ஒண்ணும் கொற இல்ல. கூட்டிக்கினு போ." அண்ணனுக்குப் பெரிய நிம்மதி. மாமா இருக்கிறார் பார், இரும்பு மாதிரி என்றார். நான் மாமாவைப் பார்த்தேன். அவர் வேறு பக்கம் பார்த்தார். அவர் கேட்டபடியே அந்தக் கையைப் பற்றி அண்ணனிடம் சொல்லாமல் நான் கிளம்பினேன்.

சிதம்பரத்தில் கீழவீதிக்குப் பின்னால் ஓர் அறை எடுத்துக்கொண்டேன். அண்ணன் வீட்டில் தங்கவில்லை, அது நான் வைத்த ஒரே நிபந்தனை. காலையிலிருந்து மாலைவரை யார் யாருடைய கைகளோ என் முன்னால் நீளும். ஊரே வந்து தொட்டுவிட்டுப் போவதுபோல இருக்கும். அறைக்குத் திரும்பினால் பேச ஆள் இருக்காது. வெகு நாள்வரை இரண்டு பேருக்கு அரிசி போட்டுவிட்டு, பாதியைத் தண்ணீர் ஊற்றி வைத்தேன். பேசாத ஒரு மனிதர் இல்லாத குறை இவ்வளவு இருக்கும் என்று நினைக்கவில்லை. வாரம் தவறாமல் போனேன் என்று சொல்ல முடியாது, முடிந்த ஞாயிறுகளில் போனேன். கைப்பிடி வைத்த டம்ளர்கள் வாங்கிக் கொடுத்தேன். செல்போன் வாங்கிக் கொடுத்தேன். அது அடிப்பது அவருக்குக் கேட்காது என்பதால் பக்கத்து டீக்கடைக்காரருக்குப் போன் செய்வேன். அவர் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "இருக்காரும்மா, மரத்துக்குப் போயிருக்காரு" என்பார்.

அடுத்த ஐப்பசி முடிந்து ஒரு பெரிய புயல் வந்தது. சிதம்பரத்தில் மழையோடு போய்விட்டது. வடக்கேதான் அடி. டீக்கடைக்காரரின் போன் அணைந்து கிடந்தது, அந்த ஊரில் யாருடைய போனும் எடுக்கவில்லை. பஸ் விட ஆரம்பித்ததும் லீவு சொல்லிவிட்டு ஏறினேன். சேத்தியாத்தோப்பு தாண்டும்போது இரண்டு பக்கமும் வயல் ஏரியாகக் கிடந்தது. வடலூரோடு இறக்கிவிட்டார்கள். அதற்குமேல் சாலை இல்லை, மரம்தான் இருக்கிறது என்றார் நடத்துனர். குறிஞ்சிப்பாடிவரை ஒரு டிராக்டர் ஏற்றிக்கொண்டது. அங்கிருந்து நடந்தேன். காற்று வேரோடு பிடுங்கிய புளிய மரங்கள், பாதியில் முறிந்த பலா மரங்கள், தலை கவிழ்ந்த முந்திரிகள். ஏறியும் குனிந்தும் போக வேண்டியிருந்தது. ஓட்டு வீடு எங்களுடையது. அதன்மேல் சாயக்கூடிய மரம் எது எது என்று மனசுக்குள் எண்ணிக்கொண்டே நடந்தேன். எதிரில் வந்தவர்களில் ஒருவரும் எங்கள் ஊர்ப் பக்கமிருந்து வரவில்லை, விசாரிக்க வழியில்லை.

ஊருக்கு இன்னும் நல்ல தூரம் இருக்கும்போது அந்தச் சத்தம் கேட்டது. அறுக்கும்போது கனத்து, கட்டை பிளந்ததும் லேசாகி மேலேறும் சத்தம். எத்தனை மிஷின்கள் அன்று ஓடியிருந்தாலும் அதை எனக்கு அடையாளம் தெரியும். நடந்தேனா ஓடினேனா என்று நினைவில்லை. சாலையை அடைத்துக் கிடந்த ஒரு பெரிய புளியமரத்துக்கு அந்தப் பக்கம், கிளைகளுக்கு நடுவில், நனைந்த சட்டையோடு மாமா நின்றிருந்தார். கூப்பிட்டேன். கேட்கவில்லை. டீக்கடைக்காரர்தான் என்னைப் பார்த்து அவர் தோளைத் தொட்டார். மாமா மிஷினை அணைத்தார்.

"வந்துட்டியா" என்றார். "பஸ்ஸு எது வரைக்கும் வுடறான்?"

"வடலூர் வரைக்கும்தான் மாமா. வீடு?"

"ஓடு கொஞ்சம் போச்சி. வூடு இருக்குது." என் கால்களைப் பார்த்தார். "அங்கியே நில்லு. ஏறாத, முள்ளு கெடக்குது. இன்னும் ஒரு வெட்டுதான்."

அவர் மறுபடி மிஷினின் கயிற்றை இழுத்து அறுக்கத் தொடங்கினார். டீக்கடைக்காரர் சுற்றிக்கொண்டு என் பக்கம் வந்து காதருகில் சத்தமாகச் சொன்னார். "நேத்து காலையிலேருந்து இந்தப் பக்கந்தான் வெட்டறாரு. கடலூரு பக்கம் மொதல்ல வெட்டுனா கரண்டுக்காரங்க வருவாங்க, தண்ணி லாரி வரும்னு எல்லாரும் சொல்லிப் பாத்துட்டோம். கேக்கல. எம்மருமவ இந்த வழியாத்தான் வருவா, வந்து வழியில நிக்கக்கூடாதுன்னுட்டாரு." நான் வருவதாக அவருக்கு யாரும் சொல்லியிருக்க முடியாது. கட்டை இரண்டாக விழுந்தது. ஆட்கள் உருட்டித் தள்ளினார்கள். ஒரு ஆள் போகும் அளவுக்கு வழி திறந்ததும் மாமா ஒதுங்கி நின்று, "வா" என்றார்.

மாமா அதற்குப் பிறகு சில வருஷங்கள் இருந்தார். சிதம்பரத்துக்கு வந்துவிடுங்கள் என்று எவ்வளவோ கேட்டும் வரவில்லை. ஒரு தவக்காலத்தில், மத்தியானம் படுத்தவர் அப்படியே போனார். மகனுக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தோம். வீட்டில் இப்போது அவருடைய அண்ணன் மகன் குடும்பம் இருக்கிறது. மிஷின் யாரிடம் போனதென்று நான் விசாரிக்கவில்லை. கல்லறைத் திருநாளுக்கு மட்டும் போய், இரண்டு பேருக்கும் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு, கடைசி பஸ்ஸுக்கு முன்பே திரும்பிவிடுகிறேன்.

இப்போதெல்லாம் புயல் அடித்தால் பெரிய பெரிய வண்டிகள் வந்து ஒரே நாளில் மரங்களை அகற்றிவிடுகின்றன. போன மழைக்காலத்திலும் அப்படித்தான். காற்று ஓய்ந்த மறுநாள் காலை, பஸ் நிலையத்தின் வழியாக வேலைக்கு நடந்துகொண்டிருந்தேன். வடலூர் வழியாகக் கடலூர் போகும் பஸ் கிளம்பத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. அதன் முன்னால் என் நடை தயங்கியதைப் படியில் நின்ற நடத்துனர் பார்த்துவிட்டார். "கடலூராக்கா? ஏறுங்க. ரோடு க்ளியரா இருக்குது, எங்கியும் நிக்க வேணாம்" என்றார். இல்லை தம்பி, நான் எங்கேயும் போகவில்லை என்று சொல்லிவிட்டு நடந்தேன்.